படிக்கொரு சட்டப்பிரிவு

"சாவியா?" என்று கேட்டாள் யோகலட்சுமி.

"ஆங், சாவிதான்" என்றான் முரளிதரன்.

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற இன்னா இருக்கப்போவுது?"

"இல்ல, மோட்டார் ஓடிகினு இருக்குதே. அதான் கேட்டேன்."

அவன் நின்று கேட்டான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அப்ப... நிறுத்தறதுக்கு" என்றான்.

அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு மோட்டார் அறைப் பக்கமே போகாமல் நேராகத் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அன்றைக்குத் தொட்டி நிரம்பி, வழிந்து, தெருவெல்லாம் ஓடியது.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முரளிதரன் இதைத் தினம் ஒரு தடவையாவது நினைத்துப் பார்ப்பான். நினைக்கிறபோதெல்லாம் அந்த "வேற ஒண்ணும் இல்லியே" என்கிற இடத்தில் நிறுத்தி, தான் சொல்லியிருக்க வேண்டியதை மனத்துக்குள் சொல்லுவான். மனத்துக்குள் அது மிக நன்றாக வரும். தடுமாற்றமே இருக்காது.

வாய்க்கும் அவனுக்கும் அவ்வளவாகப் பழக்கம் இல்லை. சொந்த ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விசைத்தறி உதிரிபாகம் விற்கிற கடை வைத்திருந்தான். கடைக்கு வருகிற தறிக்காரர்கள் உடைந்த சாமானை மேஜை மேல் வைப்பார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அதே மாதிரி புதிது எடுத்து வந்து பக்கத்தில் வைப்பான். வியாபாரம் முடிந்துவிடும். முப்பத்து மூன்று வயது வரைக்கும் இந்த முறையில் எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் யோகலட்சுமி விஷயத்தில் மேஜை மேல் எதை வைப்பது?

அவள் அதே பஸ் ஸ்டாண்டு அருகே இ-சேவை மையம் நடத்தினாள். ஊரில் பாதிப் பேருக்கு என்ன காகிதம் குறைகிறது என்று அவளுக்குத் தெரியும். முரளிதரனுக்கு என்ன குறைகிறது என்பது தெரியுமா என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

இருவரும் குடியிருந்தது வள்ளிமலர் நகரில். நாற்பத்திரண்டு வீடு, ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு மோட்டார், ஒரு சாவி. சாவி யோகலட்சுமியின் அப்பா பஞ்சாட்சரம் வீட்டு முன்னறையில், அவர் அடித்த ஆணியில் தொங்கும். காலை ஆறு மணிக்கு யோகலட்சுமி மோட்டாரைப் போடுவாள். யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் வந்து சாவி கேட்பார்கள். கொடுப்பாள். ஏழு வருடமாக இதில் ஒரு சண்டை கிடையாது. அதாவது, கோதண்டபாணி ஓய்வு பெற்று வந்து சேரும் வரைக்கும்.

கோதண்டபாணி சென்னையில் சட்டசபைக் கூட்டங்களில் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் குறிப்பெடுக்கிற வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். அத்தனை வருடமும் மற்றவர்கள் பேசினார்கள், அவர் எழுதினார். கைதட்டலையும் கூச்சலையும்கூட அடைப்புக்குறிக்குள் எழுதினார். ஒரு நாள்கூடத் தானாக ஒரு வார்த்தை பேச அங்கே அவருக்கு இடமில்லை. அதனால் பேச்சு உள்ளேயே சேர்ந்து கிடந்தது. வள்ளிமலர் நகர் நலச் சங்கத்துக்கு அவரைத் தலைவராக்கிய அன்று மாலை, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மக்கள் முன்னால் அது திறந்துகொண்டது.

"ஒரே ஆணி! ஒரே சாவி! ஒரே குடும்பம்! பெருமக்களே, இதற்குப் பெயர் என்ன? முடியாட்சி! அடைப்புக்குறிக்குள், மேஜையைத் தட்டும் ஒலி."

அங்கே மேஜை இல்லை. யாரோ நாற்காலிக் கையைத் தட்டினார்கள்.

பஞ்சாட்சரம் பதறிப்போய் எழுந்தார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யார் வம்புக்கும் போகாதவர். "ஆணி நான் அடிச்சதுங்க. வேணும்னா இப்பவே புடுங்கிடறேன்."

"பிடுங்கினால் அது அரசற்ற நிலை! பெரியவரே, ஒரு முடியாட்சியை இவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. முறை இருக்கிறது."

முதல் வரிசையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்த பூவம்மாள் நிமிர்ந்தாள். மலைமேல் காவடிக்கும் சாமிக்கும் மாலை விற்கிறவள். "தண்ணி வந்துகினுதானே இருக்குது?"

"தண்ணீர் வருவது முக்கியமல்ல, அம்மா. எந்தக் கோட்பாட்டின்படி வருகிறது என்பதே முக்கியம். கோட்பாடு இல்லாமல் வருகிற தண்ணீர் வெறும் ஈரம். அடைப்புக்குறிக்குள், நீண்ட கைதட்டல்."

மக்கள் தட்டினார்கள். தட்டாவிட்டால் அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார் என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அன்றே அதிகாரம் மூன்றாகப் பிரிந்தது. சட்டம் இயற்ற ஒரு துறை, நடத்த ஒரு துறை, நியாயம் சொல்ல ஒரு துறை. ஒருவர் கையில் எல்லாம் இருக்கக்கூடாது என்பதால் மோட்டார் அறைக்கு ஒன்றுக்கு மூன்று பூட்டுப் போட்டார்கள். சட்டத்துறைச் சாவி அவைத் தலைவரான கோதண்டபாணியிடம். நிர்வாகத்துறைச் சாவி யோகலட்சுமியிடம். நீதித்துறைச் சாவி டிபன் கடை ஜம்புலிங்கத்திடம். ஜம்புலிங்கத்துக்கு இடது காது கேட்காது. "ஆகவே அவரை ஒரு பக்கத்திலிருந்து யாரும் வசப்படுத்த முடியாது" என்று கோதண்டபாணி விளக்கினார்.

மிச்சம் இருந்தது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சி இல்லாத ஆட்சி தாளிக்காத சாம்பார் என்றார் கோதண்டபாணி. யாரும் முன்வரவில்லை. "முரளியைப் போடுங்க. அது எதுக்குமே மாட்டேன்னு சொல்லாது" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். யாரைக் கேட்டாலும் சரி என்று சொல்கிற ஒரே மனிதன் என்ற தகுதியில், முரளிதரன் ஏகமனதாக எதிர்க்கட்சித் தலைவர் ஆனான். அவன் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். நிர்வாகத்துறை உட்கார்ந்திருந்த பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் மோட்டார் பதினொன்றரை மணிக்கு ஓடியது. சட்டத்துறை ஆறு மணிக்கே வந்து முதல் பூட்டைத் திறந்து, பத்து நிமிடம் பேசியது. நிர்வாகத்துறை இரண்டாவது பூட்டைத் திறந்தது. நீதித்துறை டிபன் கடையில் இட்லிக் கூட்டம் அடங்கின பிறகுதான் வர முடிந்தது. வந்ததும், தண்ணீர் விடுவது நியாயம்தானா என்று இரு தரப்பையும் விசாரித்தது. எதிர்த்தரப்பாக நிற்க முரளிதரனைக் கடையிலிருந்து கூட்டி வந்தார்கள்.

"தண்ணி விடக்கூடாதுன்னு உன் வாதம் இன்னாப்பா?" என்றார் ஜம்புலிங்கம்.

"எனக்கு வாதம் ஒண்ணும் இல்லீங்க. எங்க வூட்லயும் தண்ணி இல்ல."

"வாதம் இல்லாம எப்பிடித் தீர்ப்பு சொல்றது? ஏதாச்சும் சொல்லு. இந்தப் பக்கம் வந்து சொல்லு, அந்தக் காது கேக்காது."

பூவம்மாளுக்கு அன்றைக்குத் தெளிக்கத் தண்ணீர் இல்லாமல் ஒரு கூடை மல்லி வாடிப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் கேள்வி நேரத்தில் அவள் கேட்டாள், "நாளைக்கி தண்ணி வருமா, வராதா?" கோதண்டபாணி அந்தக் கேள்வியை அனுமதித்து, பாராட்டி, அதற்குப் பதினைந்து நாளில் எழுத்து மூலம் பதில் தரப்படும் என்றார். அதிலிருந்து அவள் எல்லாக் கூட்டத்திலும் அதே கேள்வியைக் கேட்டாள். எல்லாக் கூட்டத்திலும் அது அனுமதிக்கப்பட்டது.

முரளிதரனுக்குத் தண்ணீர்க் கஷ்டம் பெரிதாகத் தெரியவில்லை. அவன் கஷ்டம் வேறு. ஆணி போய்விட்டது. இனி எந்தச் சாக்கில் அந்த வாசலில் போய் நிற்பது? நிர்வாகத்துறைச் சாவியை அவள் எப்போதும் இடுப்பில் செருகியிருந்தாள். அதைவிட மோசமான ஒன்றும் சட்டத்தில் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவரும் நிர்வாகத் தலைவரும் சபைக்கு வெளியே பேசிக்கொண்டால் அது கூட்டுச்சதி. சபைக்குள்ளே பேசலாம். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசக்கூடாது. எதுவானாலும் அவைத் தலைவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் வழியாகத்தான் அது மற்றவருக்குப் போய்ச் சேரும்.

"தலைவர் அவர்களே, தங்கள் வழியாக, நிர்வாகத் தலைவருக்கு இருமல் எப்படி இருக்குதுன்னு..." என்று ஒரு தடவை ஆரம்பித்தான்.

"இருமல் இந்த அவையின் வரம்புக்குள் வராது. மேலும், நீங்கள் அதை எதிர்க்க வேண்டும்."

"இருமலையா?"

"இருமல் குறித்த அரசின் மெத்தனப் போக்கை!"

அவன் மெத்தனப் போக்கை எதிர்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். சிரித்தாளோ என்னவோ.

அவனுக்கு வெளிநடப்பும் கற்றுக்கொடுக்கப்பட்டது. வாரத்துக்கு ஒன்றாவது வேண்டும். ஒவ்வொன்றும் ஏழு நிமிடத்துக்குக் குறையக்கூடாது. தொட்டியைக் கழுவ வேண்டும் என்று யோகலட்சுமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தபோது அவன் அதை வன்மையாகக் கண்டித்து வெளிநடப்புச் செய்தான். வெளியே ஏழு நிமிடம் சும்மா நிற்பதற்கு ஒரு மாதிரி இருந்ததால், ஏணி போட்டு மேலே ஏறித் தொட்டியைக் கழுவினான். தீர்மானம் நிறைவேறாமலே தொட்டி சுத்தமானது முறைகேடு என்று ஜம்புலிங்கத்திடம் வழக்குப் போனது. அவர் அதை ஒத்திவைத்தார்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. உண்மையான சங்கடம் ஒரு எண்ணிலிருந்து வந்தது.

"நம் மலைக்கு எத்தனை படி?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார் கோதண்டபாணி.

திருத்தணியில் பிறந்த எவரும் இதற்கு யோசிக்க மாட்டார்கள். "முந்நூத்தி அறுபத்தஞ்சு" என்றது சபை.

"வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஆகவே நம் அரசியலமைப்புக்கும் அத்தனை சட்டப்பிரிவு. படிக்கொன்று! வேறு எந்த ஊருக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? முப்பது படி உள்ள ஊர் முப்பதோடு நின்றுவிடும். அடைப்புக்குறிக்குள், உணர்ச்சிப் பெருக்கு."

மலையைச் சாட்சி வைத்துச் சொன்னதை மறுக்க யாருக்கும் மனமில்லை. எழுதிப் பார்த்ததில் வள்ளிமலர் நகருக்கு மொத்தம் நாற்பத்தொரு விஷயம்தான் இருந்தது. அதிலும் பாதி குப்பையைப் பற்றியது. மிச்சம் முந்நூற்று இருபத்து நான்கைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கோதண்டபாணி கண்டுபிடித்தார்.

எண்பத்தெட்டாவது பிரிவின்படி ஒவ்வொரு வீடும் பால் பொங்க விடலாம், வழிய விடக்கூடாது. நூற்று முப்பதாவது பிரிவு காக்கைக்குச் சோறு வைக்கும் சுதந்திரத்தை அளித்தது. நூற்று முப்பத்தொன்றாவது பிரிவு அதை நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்படுத்தியது. நூற்று எழுபதாவது பிரிவு குடியுரிமை. நகரில் பிறந்தவையும் ஐந்து வருடம் வசித்தவையும் மட்டுமே குடிகள் என்றதும், ஒன்பதாம் எண் வீட்டு நாய் மாட்டிக்கொண்டது. அதை எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்து போன வருடம்தான் கொண்டுவந்தார்கள். தெலுங்கில் கூப்பிட்டால்தான் வரும். நாய் வெளிநாடா என்பதை ஜம்புலிங்கம் மூன்று அமர்வுகளில் விசாரித்தார். நாய் அவருடைய வலது காதுப் பக்கம் நின்று குரைத்தது. மனுதாரர் இடது பக்கம் நின்று பேசினார். தீர்ப்பு நாய்க்குச் சாதகமாக வந்தது.

ஒவ்வொன்றையும் முரளிதரன் எதிர்த்தான். குரலே எழாது. சாமியார் மந்திரம் முணுமுணுப்பது போல, "எதிர்க்கிறேன்" என்பான். கோதண்டபாணி எழுதிக்கொள்வார்.

இருநூற்றுப் பத்தொன்பதாவது பிரிவு வந்தது.

"இந்நகரைச் சேர்ந்த இருவர் தமக்குள் மணம் பேச விரும்பினால், அதற்கான முன்வரைவைச் சபையில் வைத்து, மூன்று வாசிப்பும், குழு ஆய்வும், பெரும்பான்மை ஒப்புதலும் பெற்ற பின்னரே..."

"எதிர்க்கிறேன்!"

தொட்டிமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. முரளிதரன் எழுந்து நின்றிருந்தான். தான் எழுந்தது அவனுக்கே தெரியாது. பூவம்மாள் தொடுத்துக்கொண்டிருந்த பூச்சரத்தைக் கைநழுவ விட்டாள். யோகலட்சுமி அவைத் தலைவர் வழியாக இல்லாமல், நேராக, அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அற்புதம்!" என்றார் கோதண்டபாணி. "இதுவல்லவா எதிர்க்கட்சி! முரளிதரன் அவர்களே, இந்தக் குரலை முதல் பிரிவிலிருந்தே கொடுத்திருக்கலாமே. அடைப்புக்குறிக்குள், கூச்சல். சட்டப்பிரிவு நிறைவேறியது."

அடுத்த வாரம் பூவம்மாள் கடைக்கு வந்தாள். தறிச்சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. வெறுங்கையை மேஜை மேல் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பஞ்சாட்சரம் வூட்டுக்கு சித்தூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. பொண்ணு பாக்க. பையன் பேங்க்ல இருக்கிறானாம்."

முரளிதரன் ஒரு பெட்டியை எடுத்து வேறு இடத்தில் வைத்தான். பிறகு அதைப் பழைய இடத்திலேயே வைத்தான்.

"அவங்க இன்னா சொல்றாங்க?"

"'பாக்கலாம் நைனா'ன்னு அப்பங்கிட்ட சொல்லிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்துகினு உக்காந்துகினா. ஏன் முரளி, ஒண்ணு கேக்கறேன். நம்ம தெருவுல இருக்கிற அத்தினி ஆம்பளையையும் அவ எப்பிடிக் கூப்பிடறா?"

"அண்ணேன்னு."

"எம் புள்ளையை?"

"அண்ணேன்னு."

"அந்த நாயை வச்சிகினு இருக்கிறானே, அவனை?"

"அவனையும்தான்."

"உன்னை?"

அவன் யோசித்தான். ஏழு வருடத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். 'நீங்க' என்றிருக்கிறாள். 'இன்னாங்க' என்றிருக்கிறாள். ஒரு தடவை, மழையில், 'முரளி, கொடை' என்றிருக்கிறாள்.

"ஊருக்கெல்லாம் அண்ணன் பட்டம் குடுத்தவ உனக்கு மட்டும் இன்னும் குடுக்கல. இன்னாத்துக்குன்னு நீ யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பூவம்மாள் கிளம்பினாள். வாசலில் திரும்பி, "தண்ணி நாளைக்கி வருமா வராதான்னு உன்னையும் ஒரு தடவை கேட்டு வெக்கிறேன்" என்றாள்.

அவன் முறைப்படியே முயன்றான். கோதண்டபாணியிடம் போய், ஞாயிற்றுக்கிழமைக்குள் சபையில் ஒரு சொந்த விஷயம் பேச வேண்டும் என்றான். பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றார். ஜம்புலிங்கத்திடம் போய் அவசரத் தடை வாங்கலாம் என்று டிபன் கடைக்குப் போனான். வலது காதுப் பக்கம் நின்றான். வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"இன்னாப்பா வேணும்?"

"சாவி" என்றான் முரளிதரன்.

ஜம்புலிங்கம் மூன்றாவது பூட்டின் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் திருப்பிக் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அரசியலமைப்பு ஏற்பு விழாவும் வந்து வாய்த்தது. காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்தில் சபை கூட வேண்டும். படிக்கு ஒரு பிரிவாக வாசித்துக்கொண்டே ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் நிர்வாகத் தலைவர் மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் ஏற்றி "ஆம்" என்பார். எதிர்க்கட்சித் தலைவர் "இல்லை" என்பார். மக்கள் "ஆம்" பக்கம் சேருவார்கள். உச்சியில் மூன்று சாவிகளும் கடைசிப் படியில் வைத்துப் பூசிக்கப்படும். அதற்காக மூன்றையும் ஒரு பித்தளைத் தட்டில் வைத்து யோகலட்சுமி ஏந்திக்கொண்டாள்.

ஜம்புலிங்கம் படியேறவில்லை. வண்டிப் பாதையில் ஆட்டோ பிடித்தார். "நீதித்துறை சுதந்திரமானது. தனிப்பாதையில்தான் வரும்" என்று கோதண்டபாணி அறிவித்தார்.

முகப்புரையை மட்டும் அவர் கீழே நின்று இருபது நிமிடம் வாசித்தார். "வள்ளிமலர் நகர் மக்களாகிய நாம்" என்று தொடங்கியபோது நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் ஆள் இருந்தது. நாற்பதாம் படியில், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள் நழுவினார்கள். எழுபதில், இட்லி சாப்பிடாமல் வந்தவர்கள். நூற்றுப் பன்னிரண்டில் பஞ்சாட்சரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "முடியாட்சியே நல்லா இருந்ததும்மா" என்று மகளிடம் சொன்னார். நூற்றைம்பதில் சபை நடத்தப் போதிய ஆள் இல்லை என்று யாரோ சுட்டிக்காட்டினார்கள். "எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை பேரே போதுமானவர்கள். பிரிவு பன்னிரண்டு" என்றார் கோதண்டபாணி. சுட்டிக்காட்டியவரும் இறங்கிப் போனார்.

இருநூற்றுப் பத்தொன்பதாம் படியில் முரளிதரன் "இல்லை" என்றான். இந்தத் தடவை கத்தவில்லை. ஆனால் அந்தப் படியில் யோகலட்சுமி சூடம் ஏற்ற மறந்துபோனாள். "ஆம்" என்று சொல்லவும் மறந்துபோனாள். கோதண்டபாணிக்கு அதைக் கவனிக்க மூச்சு இல்லை.

முந்நூறைத் தாண்டியபோது மூன்று பேர்தான் மிச்சம். கோதண்டபாணியின் குரல் இருநூற்றைம்பதிலேயே கம்மிவிட்டது. இப்போது காற்று மட்டும் வந்தது. உதடு அசைவதைப் பார்த்து அவள் "ஆம்" என்றாள். அவளைப் பார்த்து அவன் "இல்லை" என்றான். நடுவில் கோதண்டபாணி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நகர்ந்தார். எப்போதும் நடுவில் அவர்.

பக்கத்தில் படிக்குப் படி மஞ்சள் தடவி ஏறிக்கொண்டிருந்த ஓர் ஆந்திரக் குடும்பம் இவர்களை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு படியிலும் ஒருத்தி ஆம் என்பதும் ஒருத்தன் இல்லை என்பதும் அவர்களுக்கு ரொம்பக் கடினமான வேண்டுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். முந்நூற்று நாற்பத்தொன்றாம் படியில் அந்த வீட்டு அம்மாள் யோகலட்சுமிக்குக் குங்குமம் கொடுத்து, முரளிதரனைக் கண்ணால் காட்டி, "மீ ஆயனா?" என்றாள். உங்க வீட்டுக்காரரா என்று அர்த்தம்.

யோகலட்சுமி தட்டிலிருந்த சூடத்தை அணையாமல் பார்த்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "இங்கா அடகலேது."

இன்னும் கேக்கல.

எல்லை ஊரில் பிறந்தவனுக்குத் தெலுங்கு புரியாதா? முரளிதரன் அடுத்த படியில் "இல்லை" என்று சொல்ல மறந்தான். அதற்கு அடுத்த படியிலும் மறந்தான். அப்புறம் வந்த இருபத்தொரு படிக்கும் எதிர்ப்பே இல்லை.

முந்நூற்று அறுபத்தைந்தாம் படி. மேலே ஜம்புலிங்கம் ஆட்டோவில் வந்து இறங்கி, தரிசனமும் முடித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நின்றிருந்தார். பூவம்மாள் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கோதண்டபாணி கடைசித் தாளைப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே நின்றார்.

தாளில் எண் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. முந்நூற்று அறுபத்து நான்கோடு அவருக்கு விஷயம் தீர்ந்துபோயிருந்தது. காலையில் ஏதாவது தோன்றும் என்று விட்டு வைத்திருக்கிறார். தோன்றியிருந்தாலும் சொல்லக் குரல் இல்லை. முப்பத்தோரு வருடம் வாய் திறக்காமல் இருந்தவர், மறுபடியும் வாய் திறந்தும் பேச்சில்லாமல் நின்றார்.

"அவைத் தலைவர் அவர்களே" என்றாள் யோகலட்சுமி, முறைப்படி அவரைப் பார்த்து. "தங்கள் வழியாக எதிர்க்கட்சித் தலைவருக்கு ஒரு கேள்வி. எங்க வூட்டு ஆணியில சாவி தொங்குன கடைசி வருஷத்துல, அவர் சாவி கேட்டு இருபத்தி மூணு தடவை வந்தார். நான் காலண்டர்ல புள்ளி வச்சிருக்கிறேன். அதுல பதினாலு தடவை மோட்டார் ஓடிகினு இருந்தது. அப்ப இன்னாத்துக்கு வந்தார்?"

கோதண்டபாணி பதினைந்து விரல் காட்ட முயன்றார். இரண்டு கையிலும் பத்துதான் இருந்தது.

"பதினஞ்சு நாள் ஆவாதுங்க. துணைக் கேள்வி ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு சித்தூர்க்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள பதில் கெடைக்குமா?"

"நல்லா கேட்டம்மா!" என்றாள் பூவம்மாள் கடையிலிருந்து. "நானும் மூணு மாசமா ஒரு கேள்வி கேட்டுகினு இருக்கிறேன்."

ஜம்புலிங்கம் வலது காதைத் திருப்பிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

முரளிதரன் வாயைத் திறந்தான். காலங்காலமாக அந்த வாய்க்குத் தெரிந்த ஒரே வார்த்தை புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அவள் அதை முகத்திலேயே பார்த்துவிட்டாள். பித்தளைத் தட்டை அவன் முன்னால் நீட்டினாள். மஞ்சள் பூசிய மூன்று சாவியும் வரிசையாகக் கிடந்தன.

"சாவின்னு மட்டும் சொல்லாதீங்க. மூணும் இங்கதான் இருக்குது."

அவன் தட்டைப் பார்த்தான். அவளைப் பார்க்க முடியவில்லை. நடுவில் கோதண்டபாணி நின்றிருந்தார், கையில் வெறும் தாளோடு.

"தலைவர் அவர்களே" என்று பழக்கத்தில் ஆரம்பித்தான். நிறுத்தினான். அவருடைய தோளை இரண்டு கையாலும் மரியாதையாகப் பிடித்து, ஒரு படி கீழே இறக்கி, பக்கத்துச் சுவரில் உட்கார வைத்தான்.

"கொஞ்சம் இப்பிடி உக்காருங்க சார். இது உங்க வழியா வேணாம்."

பிறகு திரும்பினான். இப்போது நடுவில் யாரும் இல்லை.

"யோகலட்சுமி, என்னைக் கட்டிக்கிறீங்களா?"